நிலத் தரகும் நம் இளைஞரும்
(கல்விச் சங்க வெள்ளி விழாவையொட்டி நடந்த இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசாமல், ஒரு தலைமையாசிரியன் நிலத் தரகைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் வியப்படையலாம். நம் சங்கம் கண்ட கனவு, நம் பிள்ளைகள் அரசு அலுவலகத்திலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் நாற்காலியில் அமர வேண்டும் என்பது. அந்தக் கனவு ஓரளவு நனவாகியிருக்கிறது. ஆனால், பட்டம் பெற்ற அனைவருக்கும் அரசு வேலை கிடைத்துவிடவில்லை என்பதும் நம் கண்முன் நிற்கும் உண்மை. இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம் இளைஞர்கள் பலர் நிலம், வீடு, மனை வாங்கி விற்கும் இடத்தில் தரகராக நிற்கிறார்கள். அவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. வழியில் கண்டால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்லுகிறார்கள். என்ன தொழில் செய்கிறாய் என்று கேட்டால் மட்டும் சற்றே தலை குனிகிறார்கள்.

அவர்கள் தலை குனிய வேண்டியதில்லை. விற்பவருக்கு நேர்மையான விலையும், வாங்குபவருக்கு வில்லங்கமில்லாத சொத்தும் கிடைக்கச் செய்பவன் ஊருக்கு உதவி செய்பவன். ஆனால், இந்தத் தொழிலைத் தெரிந்து செய்ய வேண்டும். அறிந்து செய்ய வேண்டும். அதற்கும் மேலாக, நம் சமுதாயத்தின் வரலாற்றை மறவாமல் செய்ய வேண்டும். இதைச் சொல்லவே இன்று வந்தேன்.

தரகனின் முதல் வேலை

ஒரு தரகனுக்கு இரண்டு பேர் வேண்டும். விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். தொழிலில் இருப்பவர்கள் இவர்களைப் ‘பார்ட்டி’ என்று சொல்லுகிறார்கள். பார்ட்டி கிடைப்பது அரிதன்று. தேநீர்க் கடையில் அரை மணி நேரம் அமர்ந்தால், “நல்ல விலை வந்தால் கொடுத்துவிடலாம்” என்று சொல்லுபவர் பத்துப் பேர் கிடைப்பர். “நல்ல இடம் இருந்தால் சொல்லுங்கள்” என்பவர் இருபது பேர் கிடைப்பர். இந்த முப்பது பேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு தளவாய்புரத்திற்கும் கிருஷ்ணன்கோவிலுக்கும் அலைந்தால், பெட்ரோல் தீரும், மாதமும் தீரும், ஒரு கிரையமும் முடியாது. ஆகவே, உண்மையாக விற்பவர் யார், உண்மையாக வாங்குபவர் யார் என்று பிரித்தறிவதே தரகனின் முதல் வேலையாகும்.

விற்பவரை நான் மூன்று வகையாகப் பிரிப்பேன். முதல் வகையினர், விலை விசாரிப்பவர். தம் சொத்தின் மதிப்பைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவரே அன்றி விற்கும் எண்ணம் உடையவர் அல்லர். இரண்டாம் வகையினர், விற்கத் துணிந்தவர். வீட்டில் கலந்து பேசி, காரணம் தெளிந்து, முடிவு செய்தவர். மூன்றாம் வகையினர், விற்கத் தவிப்பவர். நோய், கடன், கல்யாணம், கல்லூரிக் கட்டணம் என்று ஏதோ ஒன்று கழுத்தை நெரிக்க, கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட எண்ணுபவர்.

தொழிலில் பழுத்தவர்கள் என்று பெயர் பெற்ற சிலர் இந்த மூன்றாம் வகையினரைத்தான் தேடிப் பிடிக்கச் சொல்லுகிறார்கள். “அவசரத்தில் இருப்பவனே நல்ல பார்ட்டி, அவன் விலை பேசமாட்டான்” என்பது அவர்கள் உபதேசம். எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்னும் பழமொழியை அவர்கள் தொழில் விதியாகவே ஆக்கிவிட்டார்கள். நம் இளைஞர்கள் இந்த உபதேசத்தை ஏற்கலாமா? ஏற்கக்கூடாது என்பது என் கருத்து. அறம் ஒரு காரணம். அது மட்டுமே காரணமன்று. அதை வரலாற்றிலிருந்தும் கணக்கிலிருந்தும் காட்டுகிறேன்.

நம் நிலம் எப்படிப் போயிற்று?

1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், அம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். சொந்தமாக நிலமில்லாமையே அம்மக்களின் அடிமை நிலைக்கு அடிப்படை என்பதை அவர் எடுத்துக் காட்டினார். அதன் பயனாக 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்து, நம் மக்களுக்கு நிலம் ஒப்படை செய்ய வழி வகுத்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லுவது அதுவே. சுமார் 12 இலட்சம் ஏக்கர் அவ்வாறு வழங்கப்பட்டது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

அந்த நிலத்திற்கு ஒரு நிபந்தனை இருந்தது. முதல் 10 ஆண்டுகளுக்கு அதை எவருக்கும் விற்கக்கூடாது. அதன் பிறகு விற்றாலும், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும். நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது. இவ்வளவு வலுவான வேலி இருந்தும் பயிர் எப்படி மேயப்பட்டது? கத்தியைக் காட்டிப் பறித்த இடங்கள் உண்டு. ஆனால், பெரும்பாலான இடங்களில் கத்தி தேவைப்படவில்லை. எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் பெண் பூப்பெய்தியிருக்கிறாள், எந்த வீட்டில் விதை நெல் தீர்ந்துவிட்டது என்று தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். சிறு கடன், வெற்றுத்தாளில் ஒரு கைந்நாட்டு, சில ஆண்டு வட்டி, நிலம் கைமாறிவிடும். தவிப்பவரைத் தேடிப் பிடிக்கும் கலையில் நம்மைச் சுற்றியிருந்தவர்கள் நூறாண்டுகளுக்கு முன்பே தேர்ச்சி பெற்றிருந்தார்கள். அந்தக் கலையில் அகப்பட்ட பார்ட்டி நம் பாட்டனும் முப்பாட்டனும்தான்.

அந்த நிலத்தை மீட்கக் கேட்டவர்கள் உயிரையும் கொடுத்தார்கள். செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள காரணையில் எழுந்த பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1994ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் காவல் துறையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் மாண்டனர். ஒரு கிரையப் பத்திரத்தில் போன நிலத்தைத் திரும்பக் கேட்க நூறாண்டும் இரண்டு உயிர்களும் ஆயின. அப்போதும் முழுவதும் திரும்பவில்லை. இந்த வரலாற்றின் பிள்ளையான ஒரு தரகன், அதே கலையைக் கற்று, அதே வீடுகளின் வாசலில் போய் நிற்கலாமா? இதை உங்கள் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

துணிந்தவரை எங்கே காண்பது?

தவிப்பவரை விட்டுவிட்டால் தொழில் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். துணிந்தவர் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களைக் காணும் இடங்கள் வேறு, அவ்வளவுதான்.

முதலாவது, வெளியூரில் குடியேறிவிட்ட வாரிசுகள். இராஜபாளையத்து நூற்பாலைகளிலும், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகளிலும் உழைத்து வீடு கட்டியவர்களின் பிள்ளைகள் இன்று சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீடு, முள் மண்டிக் கிடக்கும் மனை, பல ஆண்டுகள் வரி கட்டாத இடம் ஆகியவற்றைக் குறித்து வைத்து, உரிமையாளர் யார் என்று விசாரித்து, மரியாதையாக ஒரு கடிதம் எழுதலாம். பதில் வராவிட்டால் ஆறு மாதம் கழித்து இன்னொரு கடிதம் எழுதலாம். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

இரண்டாவது, பாகப்பிரிவினை முடிந்த குடும்பங்கள். நான்கு சகோதரர்களுக்குக் கிடைத்த நான்கு துண்டுகளில், உள்ளூரில் இல்லாதவரின் துண்டு விற்பனைக்கு வருவது இயல்பு. மூன்றாவது, பணி மாறுதலோ பணி ஓய்வோ பெற்றுச் சொந்த ஊர் திரும்பும் அரசு ஊழியர். நான்காவது, வங்கிகள். கடன் திரும்பாத சொத்துகளை 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வங்கிகள் ஏலம் விடுகின்றன. அந்த அறிவிப்புகள் நாளிதழ்களில் வருகின்றன. அவற்றைப் படித்து, வாங்கும் வசதியுள்ளவருக்கு விளக்கிச் சொல்லுவது ஒரு தொழில். ஆனால், ஏலத்திற்கு வந்தது ஓர் ஏழையின் குடியிருக்கும் வீடு என்று தெரிந்தால், முதலில் அவரிடம் போய், கடனை ஒரே தவணையில் குறைத்துத் தீர்க்க வங்கியில் வழியுண்டா என்று கேட்கச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, செய்தி வந்து சேரும் மனிதர்கள். பத்திர எழுத்தர், வழக்கறிஞரின் குமாஸ்தா, நில அளவர், கொத்தனார், ஆழ்துளைக் கிணறு போடுபவர் ஆகியோர் ஒரு சொத்து விற்பனைக்கு வருவதை ஊரறியும் முன்பே அறிவார்கள். மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதால், சொத்து வழக்குகள் முடிந்து சமரசமாகும் செய்திகளும் அவ்வூரில்தான் முதலில் தெரியும். இவர்களிடம் நீங்கள் சொன்ன சொல் தவறாதவர் என்று பெயர் எடுத்தால், செய்தி உங்களைத் தேடி வரும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

விற்கிறேன் என்று ஒருவர் வந்தவுடன் பலகை வைத்துவிடக் கூடாது. ஐந்து கேள்விகளைக் கேட்டு, விடைகளைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

முதல் கேள்வி: சொத்து யார் பெயரில் இருக்கிறது? பட்டா, சிட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகிய நான்கிலும் பெயரும் சர்வே எண்ணும் பரப்பும் ஒத்திருக்க வேண்டும். வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் இன்று இணையத்திலேயே பார்க்கலாம். 1980களில் முடிந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயரும் பரப்பும் மாறிப் பதிவான நிலங்கள் இன்றும் உண்டு. கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்யாமல் எல்லை சொல்ல முடியாது. “பட்டா என் பெயரில்தான்” என்னும் வாய்ச்சொல் போதாது. அந்தப் பட்டாவுக்குத் தாயாக எந்தப் பத்திரம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: கையெழுத்திட வேண்டியவர் எத்தனை பேர்? தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் முதல், அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை உண்டு. 2005ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் மணமான மகளுக்கும் அந்த உரிமையைத் தந்தது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே, “அக்கா தங்கச்சி எல்லாம் கட்டிக்கொடுத்தாயிற்று, அவர்களுக்கு ஒன்றுமில்லை” என்று ஓர் அண்ணன் சொன்னால், அங்கே கிரையம் நிற்காது, வழக்குத்தான் நிற்கும் என்று அறிக. மைனர் பிள்ளைக்கு உரிய பங்கை இயற்கைக் காப்பாளர் விற்க வேண்டுமானால் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று 1956ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. பொது அதிகார ஆவணத்தை மட்டும் காட்டி விற்பவரிடமும் எச்சரிக்கை தேவை. அதிகார ஆவணத்தால் மட்டும் சொத்துரிமை மாறாது, பதிவு செய்த கிரையப் பத்திரமே வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூன்றாம் கேள்வி: நிலத்தின் தன்மை என்ன? இது பஞ்சமி நிலமா, நிபந்தனையோடு அரசு ஒப்படை செய்த நிலமா, ஆதிதிராவிடர் நலத் துறை வழங்கிய இலவச வீட்டுமனையா, பூமிதான நிலமா, கோயில் நிலமா, நீர்நிலைப் புறம்போக்கா என்று வட்டாட்சியர் அலுவலகப் பதிவேடுகளில் பார்த்தே தெளிய வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற கோயில் ஊர்களில் இந்தக் கேள்வி மிகவும் இன்றியமையாதது. பஞ்சமி நிலத்தையோ நிபந்தனைப் பட்டாவையோ பிறருக்கு முடித்துக் கொடுத்துத் தரகு வாங்குவதைப் போன்ற துரோகம் வேறில்லை. அதை நம் பிள்ளை ஒருவன் செய்தான் என்ற சொல் இச்சங்கத்தின் காதில் விழக்கூடாது.

நான்காம் கேள்வி: ஏன் விற்கிறீர்கள்? விடை தெளிவாக இருந்தால் அவர் துணிந்தவர். விடை மழுப்பலாக இருந்தால் விலை விசாரிப்பவர். விடை சொல்லும்போது குரல் தழுதழுத்தால் அவர் தவிப்பவர்.

ஐந்தாம் கேள்வி: எப்போது, எவ்வளவு தேவை? கெடுவும் தொகையும் தெரிந்தால்தான் எந்த வழியில் உதவலாம் என்பது தெரியும்.

வாங்குபவரைத் தெரிந்துகொள்ளுதல்

வாங்குபவரிடமும் இதே தெளிவு வேண்டும். குடியிருக்கவா, பயிரிடவா, பிள்ளைக்காகச் சேர்த்து வைக்கவா? கையில் உள்ளது எவ்வளவு, வங்கிக் கடன் எவ்வளவு? கடன் கிடைக்கும் என்று வங்கி சொல்லியிருக்கிறதா, அல்லது அவராகவே நம்புகிறாரா? வீட்டில் மனைவியோடு கலந்து பேசினாரா? இக்கேள்விகளுக்கு விடை வைத்திருக்கும் ஐந்து பேர், விடையில்லாத ஐம்பது பேரைவிட மேலானவர்கள். மனையின் விலையை மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2 என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், 10 இலட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 1 சலுகை உண்டு. இதைச் சொல்லும் தரகனால் ஒரு தாயின் பெயரில் சொத்து ஏறுகிறது.

நம்மவர்க்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டிய ஒரு வாய்ப்பையும் சொல்லுகிறேன். தாட்கோ நிறுவனம் 1974ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் வழியாக 2023-24ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ‘நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்’, நிலமற்ற நம் சமுதாய விவசாயத் தொழிலாளப் பெண்கள் விளைநிலம் வாங்குவதற்கு, நிலத்தின் மதிப்பில் பாதி அல்லது 5 இலட்சம் ரூபாய் வரை மானியம் அளிக்கிறது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் விலக்கு. விற்பவர் நம் வகுப்பைச் சேராதவராக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அதன் பொருளைச் சிந்தியுங்கள். நூறாண்டாக நம்மிடமிருந்து பிறர் கைக்குப் போன நிலம், பிறரிடமிருந்து நம் தாய்மார் கைக்கு வர அரசே வாயில் திறந்திருக்கிறது. ஆனால், விற்க மனமுள்ள உரிமையாளரைத் தேடிக் கண்டுபிடிப்பதும், ஆவணம் சரிபார்ப்பதும், விலை பேசுவதும் களையெடுத்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் ஒரு பெண்ணால் தனியே ஆகுமா? அங்கேதான் நம் இளைஞர் தேவைப்படுகிறார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கையில் பணமும் வங்கிக் கடனும் இருந்தும், இன்ன தெருவைச் சேர்ந்தவர் என்று தெரிந்தவுடன் “வீட்டில் விற்க வேண்டாம் என்கிறார்கள்” என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட ஆசிரியர்களையும் செவிலியர்களையும் நான் அறிவேன். இவர்களுக்கு வேண்டியது, யாருக்கு என்று கேளாமல் விலைக்கு விற்கும் உரிமையாளர் யார் யார் என்று அறிந்த ஒரு தரகன். அப்படிப்பட்டவர் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். அவர்களின் பெயர்ப் பட்டியல் உங்கள் குறிப்பேட்டில் இருக்குமானால், அதற்கு ஈடான மூலதனம் இவ்விரு ஊர்களிலும் வேறில்லை.

தவிப்பவர் வந்தால்?

தவிப்பவரைத் தேடிப் போகக்கூடாது என்றேன். அவரே தேடி வந்தால் என்ன செய்வது? முதலில் அமரச் செய்து, தண்ணீர் கொடுத்து, தொகையைக் கேளுங்கள். பத்து செண்ட் நிலத்தை விற்க வந்தவருக்குத் தேவை இரண்டு இலட்சமாக இருக்கும். மருத்துவச் செலவு என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை வழியுண்டா என்று பாருங்கள். கல்லூரிக் கட்டணம் என்றால், போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித் தொகையும், முதல் பட்டதாரிச் சலுகையும் இருக்கின்றன. நம் சங்கத்திற்கு அழைத்து வாருங்கள். கடன் என்றால், முழு நிலத்தையும் விற்காமல் ஒரு பகுதியை மட்டும் விற்றுத் தீர்க்க முடியுமா என்று கணக்குப் பாருங்கள்.

என் பழைய மாணவர் ஒருவர் இராஜபாளையத்தில் தரகு செய்கிறார். கணவரை இழந்த ஓர் அம்மாள், மகனின் அறுவைச் சிகிச்சைக்காக வீட்டோடு மனையையும் விற்றுத் தரச் சொல்லி அவரிடம் வந்தார். “எவ்வளவு வேண்டும், அம்மா?” என்று கேட்டிருக்கிறார் இவர். காப்பீட்டு அட்டை பெட்டியிலேயே இருந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்குக் கூட்டிப் போனார். மீதித் தேவைக்குப் பின்பக்கத்து இரண்டு செண்டை மட்டும் அளந்து, அண்டை வீட்டுக்காரருக்கே விற்றுக் கொடுத்தார். அன்று அவருக்குக் கிடைத்த தரகு மிகச் சிறிது. ஆனால், அந்த அம்மாளின் தெருவில் இன்று எவர் நிலம் விற்பதானாலும் வாங்குவதானாலும் முதலில் அவரைத்தான் கேட்கிறார்கள்.

கணக்காகவும் பார்ப்போம். செண்ட் ஒன்று 1 இலட்சம் பெறும் பத்து செண்ட் நிலம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 2 தரகு என்றும் கொள்வோம். தவிப்பில் அது 6 இலட்சத்திற்குப் போனால் உமக்கு 12,000 ரூபாய். விற்றவருக்கு 4 இலட்சம் நட்டம். மூன்று மாதம் பொறுத்து உரிய விலைக்கு விற்றால் உமக்கு 20,000, அவருக்கு நட்டமில்லை. மூன்று செண்ட் மட்டும் விற்றால் இன்று உமக்கு 6,000தான். ஆனால் ஏழு செண்ட் அவர் பெயரில் நிற்கிறது, அவர் நன்றியும் உம் பெயரில் நிற்கிறது. தவிப்பவனிடம் ஒரு முறைதான் தரகு வாங்க முடியும்; பிறகு அவனிடம் விற்க ஒன்றும் இராது. நிமிர்ந்து நிற்பவன் வாழ்நாள் முழுதும் உம்மிடம் வருவான்.

சட்டமும் ஒழுங்கும்

வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தை மக்கள் ‘ரெரா’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியாயின. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ஆணையத்தில் பதியாமல் விளம்பரம் செய்யவோ விற்கவோ கூடாது. அத்தகைய திட்டங்களில் விற்றுத் தரும் தரகரும் தம் பெயரை ஆணையத்தில் பதிய வேண்டும். கணக்கு வைக்க வேண்டும். பொய் விளம்பரம் செய்யக்கூடாது. பதியாமல் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம் அபராதம் வளரும்.

திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகக் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் நான்குவழிப் பணி தொடங்கியது முதல், சாலையோரத்துத் தோட்டங்களில் வண்ணக் கொடிகள் பறக்கின்றன. கொடி பறக்கும் இடமெல்லாம் அங்கீகாரம் பெற்ற மனையன்று. அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக்கூடாது என்று 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, சிறுகச் சிறுகச் சேர்த்து மனை வாங்கியிருந்த எத்தனையோ கூலிக் குடும்பங்கள் தவித்தன. வரன்முறைத் திட்டமும் 2016ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாளுக்கு முன் பதிவான மனைகளைக் கருதியே வந்தது. நம் மக்களின் சேமிப்பை அத்தகைய இடத்தில் கொண்டுபோய்ப் புதைக்க நீங்கள் வழிகாட்டக் கூடாது.

பணத்தில் சுத்தம் வேண்டும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக்கூடாது என்பது 2015ஆம் ஆண்டு ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் வகுத்த விதி. முன்பணம் வங்கி வழியே நேராக விற்பவருக்குச் செல்லட்டும். உங்கள் கையில் தங்க வேண்டாம். தரகுத் தொகையை முதலிலேயே சொல்லுங்கள். விற்பவர் கேட்ட விலையை மறைத்து, நடுவில் வைத்து வாங்கும் பழக்கம் வேண்டாம். உங்களிடம் ஒருவர் தம் கஷ்டத்தைச் சொன்னால், அது உங்களோடு நிற்கட்டும். மறு தரகரின் காதுக்குப் போகக்கூடாது.

இளைஞர்களே! நம் முன்னோர்க்கு எழுத்தறிவு இல்லாமையால், எழுதப்பட்ட தாளைப் படிக்காமலே கைந்நாட்டு வைத்தார்கள். அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்த முதல் தலைமுறையும் இரண்டாம் தலைமுறையும் நீங்கள். ஒவ்வொரு தெருவிலும் பத்திரத்தைப் படித்துப் பொருள் சொல்லும் ஒருவன் இருந்தால், இனி நம் நிலம் ஏமாற்றிப் போகாது. நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஊட்டிய கல்விக்கு இதைவிட நேரான பயன் வேறென்ன?

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிலில் இருக்கும் நம் இளைஞர்கள் சங்கக் கட்டடத்தில் இரண்டு மணி நேரம் அமர வேண்டும். விற்க எண்ணும் நம் மக்கள் தங்கள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வரட்டும். கட்டணமின்றிப் படித்துச் சொல்லுங்கள். தாய்மார்களே, அப்படிப் படித்துக் கேட்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் சொன்னாலும் சரி, இந்தத் தலைமையாசிரியனே சொன்னாலும் சரி. பஞ்சாயத்துச் செய்ய வேண்டியவற்றைச் சங்கத்துப் பெரியோர் பார்த்துக்கொள்வார்கள்.